அமராவதி அணிக்கு யார் மேலாளர்

ஜூன் 9, திங்கள்

காலையில் ராகிக் கஞ்சி, மூக்குக் குழாய் வழியாக. நின்றது, திரும்பி வரவில்லை. முதுகில் சிவந்திருந்த இடம் இன்று கொஞ்சம் வெளுத்திருக்கிறது. காற்று மெத்தை வாங்கிப் போட்ட பிறகு படுக்கைப் புண் எட்டிப் பார்க்கவில்லை. அதன் மோட்டார் ராப்பகலாகக் கர்ரென்று இரைகிறது. இரைந்துவிட்டுப் போகட்டும்.

இதை மட்டும்தான் எழுதிவைக்கச் சொன்னார் நர்ஸ். உள்ளே என்ன போனது, வெளியே என்ன வந்தது. அதற்கு நாலு வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. இந்த வீட்டில் வாய் திறக்கிற ஆள் நான் ஒருத்திதான், எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் சவரம் செய்துகொண்டிருந்த மனுஷன் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆபரேஷன், ஐசியூ, கழுத்தில் துளை, துளையில் குழாய். இப்போது வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். கண் திறக்கிறார், மூடுகிறார், கொட்டாவி விடுகிறார். பேச்சில்லை. நம்மை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டால் டாக்டர் மேஜையில் இருக்கும் பேனாவை நகர்த்தி வைக்கிறார். எனக்குத் தெரியும், இவருக்குத் தெரிகிறது.

இன்று இவர் போன் விடாமல் டிங் டிங் என்றது. மஸ்கட்டில் இருக்கும் செல்வின். நாகர்கோவில்காரர், காலேஜில் இவரோடு கூடைப்பந்து ஆடியவர். 'லேய் ஜெகா, புது சீசன் தொடங்கப் போவுது. ஒன் டீம் பூட்டிக் கெடக்கு. போன தடவ கடைசி. இந்தத் தடவயும் கடைசின்னா ரூலுபடி டீமு போயிரும் மக்கா.'

ஹாஸ்டலில் சேர்ந்து ஆடிய எட்டுப் பேர். வயிறு முன்னால் வந்து, முழங்கால் தேய்ந்த பிறகு போனில் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒரு அணி. ஆட்டக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் உண்டாக்கிய பொய்ப் பிள்ளைகள், ஆனால் ஒவ்வொருவனுக்கும் உயரம், வயசு, சம்பளம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. யாரை வாங்குவது, யாரை விற்பது, எப்படித் தடுப்பது, எப்படித் தாக்குவது என்று மேலாளர் சொல்லிவைத்துவிட வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரே ஆடி முடித்து, நடந்ததை வரிவரியாக எழுதிக் காட்டும். எத்தனை வருஷமாக இது எனக்குச் சக்களத்தி. ஏழு மணிக்கு இவரிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூடப் பதில் வராது.

இவர் அணியின் பெயர் அமராவதி பஸ் பாடீஸ். பஸ் கூடு கட்டும் பட்டறையில் டிசைனராக இருக்கிறவருக்கு வேறு என்ன பெயர் தோன்றும்.

ஜூன் 11, புதன்

செல்வின் அனுப்பியதை இவர் காதருகே உரக்கப் படித்தேன். 'உங்க டீம் போயிருமாம்ங்க. நான் ஆடட்டுமா?' என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். வலது கை மெத்தை ஓரத்தில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கையில் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கிற்று. மெதுவாக, யோசித்து மடக்குவது மாதிரி.

மறுபடி கேட்டேன். உடனே வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். வந்தது.

பிசியோதெரபி நிர்மல் மத்தியானம் வந்தான். சொன்னேன். 'அது அனிச்சையா இருக்கும்ங்கக்கா' என்றான். 'நீ உன் வேலையப் பாரு தம்பி' என்றேன். இவர் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போய்விட்டான்.

செல்வினுக்குப் பதில் போட்டேன்: அவர் சொல்வதை நான் அடிக்கிறேன், டீமை எடுத்துவிடாதீர்கள்.

அந்த மனுஷன் உடனே போன் செய்துவிட்டார். அழுகிறார். 'சொல்லுகானா தங்கச்சி? அவன் சொல்லுகானா?'

'விரல்ல சொல்றாருங்கண்ணா.'

'அது போரும்,' என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

குளித்தலையிலிருந்து கௌசல்யா அண்ணி வந்தார்கள். இவருடைய அக்கா. முருங்கைக்கீரை, அரிசி முறுக்கு, இவருக்குப் புது லுங்கி. லுங்கியை எங்கே கட்டுவது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சை எடுத்தார்கள். எனக்குத் தெரியும், ஒரு மாசமாக மனசில் வைத்துக்கொண்டிருக்கிற பேச்சு.

'கண்ணு வசு, ரெண்டு தடவ நெஞ்சுச்சளி வந்து ஐசியூவுல போட்டாச்சு. ஊசியும் குழாயுமாப் பார்த்தனே, என்ற தம்பியக் கட்டிப்போட்டு வெச்சிருந்தாங்க. அடுத்த தடவ வந்தா வேண்டாம். வீட்லயே இருக்கட்டும். டாக்டரும் அதத்தான் சொல்றாரு, நீதான் கேக்க மாட்டீங்கற.'

'சாகட்டும்ங்கறீங்களா?'

'அவனுக்கு ஒண்ணும் தெரியலீன்னா எதுக்குப் புள்ள இந்தச் சித்திரவதை? தெரியுதுன்னா சொல்லு. கழுத்துல கெடக்கறத வித்தாச்சும் வைத்தியம் பாக்கறேன்.'

'தெரியுதுங்க அண்ணி,' என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கட்டிலருகே உட்கார வைத்தேன். 'ஏனுங்க, அக்கா வந்திருக்காங்க. தெரியுதா?'

அண்ணி விரலையே பார்த்தார்கள். நேரம் ஆக ஆக எனக்கு வேர்த்துவிட்டது. 'நிதானமாத்தானுங்க சொல்வாரு,' என்றேன். 'சட்டை எடுக்கப் போனாலே கடைக்காரன் கொட்டாவி விட்ருவான்.' கடைசியில் மடங்கியது. அண்ணி இவர் கையை முகத்தில் வைத்துக்கொண்டு கேவினார்கள்.

போகும்போது சொன்னார்கள், 'விரல ஆட்றான்னா நான் வாயத் தொறக்கல. எத்தன தடவ வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம்.'

ஜூன் 16, திங்கள்

கஞ்சி, மோர், ஆரஞ்சுச் சாறு. வெளிக்குப் போனார்.

அணியைத் திறந்து பார்த்தேன். ஐயோ, முதியோர் இல்லம். பத்துப் பேரில் ஏழு பேருக்கு முப்பத்து மூன்றுக்கு மேல். பெலிக்ஸ் என்று ஒருத்தன், பிவட், அதாவது கூடைக்குக் கீழே நின்று பந்தைப் பிடிக்கிற நெட்டையன். முப்பத்தாறு வயசு, இரண்டு முழங்காலும் கட்டு. சம்பளம் மட்டும் அணியிலேயே அதிகம். அணி தொடங்கிய நாளிலிருந்து இவர் அவனை விடவில்லையாம். செல்வின் சொன்னார்: 'கெழடுகள வித்துத் தொலைக்கச் சொல்லு தங்கச்சி. ரெண்டு எளசுகள வாங்கினாத்தான் டீமு எழும்பும். பெலிக்ஸ விக்கச் சொன்னா எங்கிட்ட சண்டைக்கு வருவான், நீ கேட்டுப் பாரு.'

ஜூன் 18, புதன்

கேட்டேன். 'பெலிக்ஸை வெச்சுக்கலாமா?' அசைவில்லை. 'வித்துரலாமா?' மடங்கிற்று.

பெலிக்ஸை ஓசூர் பூபதிக்கு விற்றேன், அவரும் ஹாஸ்டல் கோஷ்டி. பதிலுக்கு இருபது வயசுப் பையன் ஒருத்தன், ஏழடி உயரம், ஆனால் பந்து கைக்கு வந்தால் நழுவ விடுகிறான். கொக்கு என்று பெயர் வைத்துவிட்டேன். பெலிக்ஸின் சம்பளம் மிச்சமானதில் இன்னொரு குட்டைப் பையனையும் எடுத்தேன், அவன் சுண்டெலி. ஓடுகிறான், நிற்கவே தெரியவில்லை.

இவருக்கு இப்படி உதறித் தள்ளுகிற புத்தி எப்போது வந்தது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய ஸ்கூட்டரையே விற்க விடாதவர். படுத்துக் கிடந்து யோசித்ததில் தெளிவு வந்திருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

தோல்வி. தோல்வி. நேற்றும் தோல்வி.

தினமும் ஆறு மணிக்குச் சளி உறிஞ்சிவிட்டு, முகம் துடைத்து, தலைமாட்டை உயர்த்திவிட்டு உட்கார்ந்துகொள்வோம். மடியில் பிசிறு வெட்ட வேண்டிய நாப்கின் கட்டு. எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து தினம் ஒரு கட்டு கொடுத்துவிடுகிறார்கள், அதையும் பார்க்க வேண்டும். நான் கேட்கிறேன், இவர் விரலில் சொல்கிறார், நான் போனில் தட்டுகிறேன்.

'ஜோனா, மேன் டு மேனா?' ஜோன் என்றால் ஆளாளுக்கு ஓர் இடம், அந்த இடத்துக்கு யார் வந்தாலும் தடுக்க வேண்டும். மேன் டு மேன் என்றால் ஆளுக்கு ஓர் ஆள், அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போக வேண்டும். ஒருநாள் ஜோன் என்கிறார், மறுநாள் மேன் டு மேன் என்கிறார். செல்வின் தலையில் அடித்துக்கொள்கிறார். 'ஜோனு ஆடுகவன் ஆம்பளையே இல்லண்ணு கோர்ட்டுல நிண்ணு கத்துனவன் தங்கச்சி இவன்.'

'மனுஷன் மாறக் கூடாதாங்கண்ணா?' என்றேன். கோபம் வந்துவிட்டது எனக்கு.

தோற்ற ஆட்டத்தையும் வரிவரியாக இவருக்குப் படித்துக் காட்டுகிறேன். சுண்டெலி பந்தைப் பறித்தான், கொக்கு தவற விட்டான். எனக்கே யார் எங்கே நிற்பான் என்று பாடமாகிவிட்டது.

ஜூன் 28, சனி

ஜெயித்தோம். இரண்டு பாயிண்ட் வித்தியாசம். இவர்தான் சொன்னார், ஃபாஸ்ட் பிரேக் என்று, பந்து கிடைத்ததும் நிற்காமல் எதிர்ப்பக்கம் ஓடுவது. நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இவர் சொன்னது சரியாகிவிட்டது.

நிர்மலிடம் சொன்னேன். 'நல்லதுங்கக்கா' என்றான். மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே. பொறாமை.

ஜூலை 3, வியாழன்

மெத்தையின் மோட்டார் படுத்துவிட்டது. கம்பெனிக்காரர் வந்து மெத்தையோடு கழற்றிக்கொண்டு போனார், ஞாயிற்றுக்கிழமை தருவாராம். பக்கத்து வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டு, மணிக்கொரு தரம் நானே புரட்டிப் படுக்க வைக்கிறேன். இடுப்பு விட்டுப் போயிற்று.

ஆறு மணிக்குக் கேட்டேன். ஜோனா? மேன் டு மேனா? விரல் அசையவில்லை. ஏழு மணி ஆகிவிட்டது. பழைய திட்டத்திலேயே ஆடித் தோற்றோம்.

களைப்பாக இருக்கும். புரட்டிப் புரட்டிப் போட்டதில் தூங்க முடியவில்லை பாவம்.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் பேசவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது. நான் கேட்கக் கேட்க ஃபேனையே பார்க்கிறார்.

எனக்குத் தெரியாதா இந்த மௌனம். கல்யாணமான புதிதில் எங்கம்மா ஏதோ சொன்னதற்கு ஒன்பது நாள் இப்படித்தான் இருந்தார். காரணம் என்னவென்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். பெலிக்ஸ்தான். பூபதி அணியில் முந்தாநாள் பெலிக்ஸ் இருபது பாயிண்ட் எடுத்ததாகச் செல்வின் குரூப்பில் போட்டிருந்தார், அதை நான் படித்துக் காட்டினேன். அப்போதிருந்துதான்.

'நீங்கதானங்க விக்கச் சொன்னீங்க? இப்ப எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா?' கத்திவிட்டேன். வாசலில் கீரை விற்கிறவள் எட்டிப் பார்த்தாள்.

ஜூலை 5, சனி

பூபதிக்குப் போன் போட்டு பெலிக்ஸைத் திருப்பிக் கேட்டேன். 'ஏனுங்க, வித்த கெழவன யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா?' என்று சிரிக்கிறார். கொக்கைக் கேட்டார். கூடவே அடுத்த சீசனில் வரும் புதுப் பையன்களில் எங்களுக்கு வர வேண்டிய முதல் ஆளையும் கேட்டார். கொடுத்துவிட்டேன். கொக்கு இப்போதுதான் பந்தைப் பிடிக்கப் பழகியிருந்தான்.

செல்வின் கடுப்பாகிவிட்டார். 'இது ஜெகா சொன்னதா? சத்தியமா?'

'அவர் சொல்லாம நான் செய்வனுங்களா?' என்றேன்.

'பெலிக்ஸ் வந்துட்டானுங்க,' என்று இவரிடம் சொன்னேன். பதில் இல்லை. சாயங்காலம் தோற்றோம். எட்டில் எட்டாம் இடம்.

ஜூலை 6, ஞாயிறு

மெத்தை வந்தது. மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள், சத்தம் கொஞ்சம் குறைவு. இவரைத் தூக்கிப் போட்டு, கையை ஓரத்தில் வைத்து, 'பெலிக்ஸ் வந்ததுல சந்தோஷமா?' என்றேன்.

மடங்கிற்று. அப்பாடா என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிட்டார்.

அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். 'கோவிச்சுக்கிட்டானா? அப்படியே எங்கப்பனாட்டம்,' என்று சிரித்தார்கள். அண்ணி சிரித்து மாசக்கணக்காயிற்று.

ஜூலை 8, செவ்வாய்

பெலிக்ஸின் முழங்கால் போய்விட்டது. இந்த சீசன் முழுக்க ஆட மாட்டானாம். கொக்கு பூபதிக்காகப் பதினெட்டு பாயிண்ட் எடுத்தான். இவரிடம் அதைப் படிக்கவில்லை.

கஞ்சி கொஞ்சம் திரும்பி வந்தது.

ஜூலை 12, சனி

மத்தியானம் நாப்கின் பிசிறு வெட்டிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். போன் அடுக்களையில் சார்ஜில் கிடந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயே திறக்கவில்லை.

விரல் மடங்கிற்று.

ஜூலை 13, ஞாயிறு

கஞ்சி, மோர். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த மெத்தையில் வரிவரியாகக் காற்றுப் பைகள். ஒரு வரி உப்பும்போது பக்கத்து வரி தளரும், பிறகு மாறும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாமல் இருப்பதற்கு. இவர் மணிக்கட்டுக்குக் கீழே இருக்கும் வரி உப்பும்போது மணிக்கட்டு லேசாக மேலே எழும்புகிறது. மணிக்கட்டு மேலே போனால் கட்டைவிரல் உள்ளே மடங்குகிறது. தளர்ந்தால் விரல் பழையபடி வருகிறது. சனிக்கிழமை விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நேற்று நானே இவர் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தேன். மடங்கிற்று. இறக்கினேன். விரிந்தது. தூக்கினேன், இறக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. போதும்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பஞ்சு மெத்தையில் மூன்று நாள் பேசாமல் இருந்தாரே, கோபம் என்று நினைத்தேனே. மோட்டார் ரிப்பேர்.

ஒரு மாசமாக நான் மெத்தையிடம் கேட்டு ஆடியிருக்கிறேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை இந்தக் கரூர் பார்த்திருக்காது.

ஜூலை 15, செவ்வாய்

இன்று கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஆட்டத்தைப் பற்றி இல்லை.

நான் யார்ங்க? வலிக்குதா? அக்காவ வரச் சொல்லட்டுமா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா, வேண்டாமா? என்மேல கோவமா? ஒரே ஒரு தடவ, எதுக்காச்சும் ஒண்ணுக்கு அசைச்சுருங்க, அப்பறம் நான் உங்களத் தொந்தரவே பண்ண மாட்டேன்.

கை மடியில் கிடந்தது. சூடாகத்தான் இருந்தது. கொட்டாவி விட்டார்.

நிர்மல் வந்தபோது சொல்லிவிட்டேன். 'உனக்கு அன்னிக்கே தெரியுமா தம்பி?' தலையைக் குனிந்துகொண்டு இவர் காலை மடக்கினான். 'சொல்ல மனசு வரலீங்கக்கா,' என்றான். டீ போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 17, வியாழன்

இரண்டு நாளாக ஆட்டத்தைத் திறக்கவில்லை. இன்று குரூப்பில் ஒரே ஆர்ப்பாட்டம். சனிக்கிழமை கடைசி ஆட்டம், செல்வின் அணியோடு. எங்களுக்கும் ஏழாம் இடத்துக்கும் ஒரு வெற்றிதான் வித்தியாசமாம். அவர்கள் தோற்று நாங்கள் ஜெயித்தால் சமமாகி அணி தப்பும்.

போனால் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இவர் இத்தனை வருஷம் கட்டிய அணி, அதைக் காற்றுப் பையிடம் கேட்டுக் கேட்டுக் குட்டிச்சுவர் ஆக்கியவள் நான்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து செல்வின் அணியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். செல்வினிடம் மூன்று நெட்டையர்கள். முதல் பாதியில் தாளம் போட்டு ஆடுகிறார்கள், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் நாக்குத் தள்ளுகிறது. அவர் அவர்களை மாற்றி உட்கார வைப்பதே இல்லை, நெட்டை என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். நெட்டையை நெட்டையால் தடுக்க எனக்கு ஆளில்லை. கொக்கை நானே கொடுத்துத் தொலைத்தேன். அப்படியானால் நெட்டையே வேண்டாம்.

ஜூலை 19, சனி

இருந்தவர்களில் குட்டையாக ஐந்து பேரைப் பொறுக்கி இறக்கினேன். மேன் டு மேன், கோர்ட் முழுக்க, விடாமல் துரத்தச் சொன்னேன். பந்து கிடைத்தால் ஓட்டம். கூடைக்குக் கீழே ஒருத்தனும் நிற்க வேண்டாம்.

இவரிடம் கேட்கவில்லை. இவர் அறையில் உட்காரவும் இல்லை. அடுக்களையில் நின்றுகொண்டு பார்த்தேன்.

முதல் பாதியில் பதினாறு பாயிண்ட் பின்னால். மூன்றாவது கால்பகுதி முடிவில் பத்து. கடைசியில் செல்வினின் நெட்டையர்களுக்குக் கால் நகரவில்லை. சுண்டெலி பந்தைப் பறித்து ஓடினான், மறுபடி பறித்தான். மூன்று பாயிண்டில் ஜெயித்தோம். ஏழாம் இடத்து அணி பூபதியிடம் தோற்றது. கொக்குதான் தோற்கடித்தான்.

அணி தப்பிவிட்டது.

குரூப்பில் மழையாகக் கொட்டுகிறது. ஏழு பேரும் கத்துகிறார்கள். செல்வின் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார், அழுகையும் சிரிப்புமாக: 'லேய் ஜெகா, அஞ்சு குட்டையன வச்சு என்ன ஒடச்சுப் போட்டியேலே. இது ஒன்னாலதான் முடியும். ஒன் மூளைக்கு ஒண்ணும் ஆவல மக்கா. ஒண்ணுமே ஆவல.'

அதை ஒரு தடவைதான் கேட்டேன். ஜெயித்தது நான். இவர் இல்லாமல் ஜெயித்தேன். தோற்றுக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர் என்னோடு இருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

செல்வினுக்கு நானே போன் செய்தேன். மெத்தையைப் பற்றி, மோட்டாரைப் பற்றி, பெலிக்ஸைப் பற்றி, எல்லாம் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

'இருக்கேன் தங்கச்சி. அப்ப நேத்து ஆடுனது?'

'நான்தானுங்கண்ணா.'

'அவன்?'

'படுத்திருக்காருங்க.'

'டீம ஒன் பேருக்கு மாத்தட்டா?' என்று கேட்டார். மேலாளர் என்ற இடத்தில் இவர் பெயர் இருக்கிறது, அதை எடுத்தால்தான் என் பெயரைப் போட முடியுமாம். நான் யோசித்தேன். பிறகு மாத்திருங்கண்ணா என்றேன். சாயங்காலம் திறந்து பார்த்தேன். வசுமதி என்று போட்டிருந்தது. மூடிவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து காய்ச்சல். நெஞ்சில் கரகரப்பு. உறிஞ்சினால் சளி மஞ்சளாக வருகிறது. போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் அரை மணியில் ஆம்புலன்ஸில் இருந்தோம்.

டாக்டருக்குப் போன் செய்தேன். அட்மிட் பண்றீங்களாம்மா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து தருகிறேன், நர்ஸை அனுப்புகிறேன் என்றார். நல்ல மனுஷன், ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணிக்குக் காய்ச்சலை மட்டும் சொன்னேன், மெத்தையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, 'வண்டி வந்துருச்சா? எந்த ஆஸ்பத்திரிக்கு?' என்றார்கள். கையில் பை, ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கப் போர்வை, பிளாஸ்க்.

'வண்டி சொல்லலீங்க.'

'ஏம்புள்ள?'

இவர் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். அண்ணி கட்டிலுக்குப் போய் விரலைப் பிடித்துக்கொண்டு, 'ஜெகா, அக்கா வந்துட்டேன் சாமி,' என்றார்கள். மோட்டார் இரைந்தது. மணிக்கட்டு எழும்பி விரல் மடங்கிற்று. அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார்கள். முகமெல்லாம் வெளிச்சம்.

'பாரு வசு. தெரியுது அவனுக்கு. வண்டியக் கூப்புடு.'

ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. ஆமாங்க என்றால் ஆம்புலன்ஸ் வரும், இன்னும் ஒரு மாசம் இருப்பார், இரண்டு மாசம் இருப்பார்.

குனிந்து சுவரிலிருந்து மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.

'இப்பக் கேளுங்க அண்ணி,' என்றேன்.

அண்ணி கேட்டார்கள். ஜெகா என்றார்கள், சாமி என்றார்கள், சின்ன வயசில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் போதும் என்று நிறுத்தும்வரை பிளக்கைச் செருகவில்லை.